மோன் பிளாங் சுற்று 10 நாளில்: முதலில் படுக்கை, பிறகு பாதை

கேள்வி இது: நான்கு பேர், ஜூலை மாதம், கூடாரம் இல்லாமல் மலைக்குடில்களில் தங்கி, பிரான்ஸ், இத்தாலி, சுவிட்சர்லாந்து மூன்று நாடுகள் வழியே ஆல்ப்ஸின் மோன் பிளாங் மலைத்தொகுதியைச் சுற்றி நடக்க வேண்டும். வழக்கமாக 11 நாள் ஆகும் பாதை. கையில் இருப்பது 10 நாள். நால்வருக்கும் ஓரளவு நடைப்பழக்கம் உண்டு, உயரமலை அனுபவம் கிடையாது. எப்படித் திட்டமிடுவது, எதை எங்கே குறைப்பது?

தாராளமாக முடியும். ஆனால் முதல்முறை போகிறவர்கள் தவறான விஷயத்துக்குப் பயப்படுகிறார்கள். இந்தப் பாதையில் மிக உயரமான இடம் 2665 மீட்டர்தான், அதுவும் விருப்பமிருந்தால் ஏறும் மாற்றுப் பாதைகளில். குடில்கள் பெரும்பாலும் 2000 முதல் 2450 மீட்டருக்குள் இருக்கின்றன. ஆகவே உயரநோய் இங்கே பெரும்பாலும் பிரச்சினை ஆவதில்லை. பனியாற்றைக் கடப்பதோ கயிறு கட்டிக்கொள்வதோ இல்லை. மோன் பிளாங் சிகரத்தின் பக்கமே போகமாட்டீர்கள். (சுற்றி நடப்பது சிகரம் ஏறுவதைவிடப் பழைய வழக்கம். ஜெனீவா அறிவியலாளர் டி சோசூர் 1767இல் இந்த மலையைச் சுற்றி வந்தார். உச்சியை மனிதன் தொட்டது 1786இல்.)

ஆளைப் படுத்துவது வேறு. மொத்தம் ஏறக்குறைய 170 கி.மீ., 10,000 மீட்டர் ஏற்றம், அதே அளவு இறக்கம். தினமும் ஒரு கணவாயில் ஏறி மறுபக்கம் இறங்க வேண்டும், மறுநாள் மீண்டும் அதேதான். இதோடு இன்னொரு கட்டுப்பாடு சேர்கிறது: ஒவ்வொரு இரவுக்கும் படுக்கை பல மாதம் முன்பே பதிவாகியிருக்கும். மூன்றாம் நாள் முழங்கால் வீங்கினால் "ஒரு நாள் ஓய்வெடுத்துவிட்டுப் போகலாம்" என்பது நடக்காது. ஒரு இரவு தள்ளிப்போனால் அதற்குப் பின்னால் உள்ள எல்லா இரவும் அறுந்துபோகும். இங்கே நாளைத் தள்ளிப்போட முடியாது, தூரத்தைத்தான் வெட்ட முடியும். பஸ்ஸோ கேபிள் காரோ பிடித்து, அன்றைய படுக்கைக்கு எப்படியாவது போய்ச் சேர்வதுதான் வழி. எனவே திட்டம் போடும்போதே ஒவ்வொரு நாளுக்கும் அதன் வெட்டு வழி என்ன என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கீழே உள்ளதெல்லாம் அந்த அடிப்படையில்தான்.

படுக்கை பிடிக்கும் வரிசை

பலர் புறப்படும் தேதியை முதலில் முடிவு செய்துவிட்டு, முதல் இரவு, இரண்டாம் இரவு என்று வரிசையாகப் பதிவு செய்யத் தொடங்குவார்கள். நான்காம் இரவில் மாட்டிக்கொள்வார்கள். தலைகீழாகச் செய்ய வேண்டும். பாதையில் படுக்கை எண்ணிக்கை குறைவாக உள்ள இடங்களை முதலில் பிடித்து, அங்கிருந்து முன்னும் பின்னும் தேதியை எண்ணிப் புறப்படும் நாளைக் கண்டுபிடியுங்கள்.

நெருக்கடி உள்ள இடங்கள் மூன்று. ஒன்று, பிரான்சிலிருந்து இத்தாலிக்குள் நுழையும் சேன் கணவாயின் இரு பக்கமும்: இந்தப் பக்கம் மோத்தே குடில், அந்தப் பக்கம் எலிசபெத்தா, அதற்குக் கீழே கொம்பால். இவற்றை விட்டால் அருகில் வேறு கூரை இல்லை. இரண்டாவது, இத்தாலிய ஃபெரே பள்ளத்தாக்கில் பொனாட்டி. மூன்றாவது, கடைசிப் பகுதியில் லாக் பிளான் ஏரிக் குடில். எலிசபெத்தாவில் ஓர் இரவு, மறுநாள் இரவு கூர்மாயூர் ஊரில், அதற்கு மறுநாள் பொனாட்டியில் என்ற இடைவெளி அமையும் தேதியைத் தேடுங்கள். அது கிடைத்தால் மற்றவை தானாக வரும். லே கோன்தமீன், கூர்மாயூர், லா ஃபூலி, ஷாம்பே ஆகியவை ஊர்கள், அங்கே ஓட்டல்களும் உண்டு.

ஜூலை, ஆகஸ்ட் மாதங்களுக்கான பதிவு முந்தைய ஆண்டின் இலையுதிர் காலத்திலேயே தொடங்கிவிடுகிறது. நான்கு பேருக்குச் சேர்த்து இடம் வேண்டுமானால் அந்த வாரங்களிலேயே உட்கார வேண்டும். சனி, ஞாயிறு புறப்படுகிறவர்கள் அதிகம். அவர்கள் ஒரே அலையாக குடில் குடிலாக நகர்வார்கள். செவ்வாய் அல்லது புதன் புறப்பட்டால் அந்த அலைக்கு நடுவில் விழாமல் தப்பலாம். இத்தாலியில் ஆகஸ்ட் 15 விடுமுறையை ஒட்டிய நாட்களும், பிரான்ஸ் பக்கத்து ஊரான ஷமோனியில் பெரிய மலை ஓட்டப்பந்தயம் நடக்கும் ஆகஸ்ட் கடைசி வாரமும் நெரிசலான காலம். தேதி உங்கள் கையில் இருந்தால் செப்டம்பர் முதல் வாரம் ஜூலையைவிட நல்லது என்பது என் கருத்து. பனி முழுக்க உருகியிருக்கும், இடி மழை குறையும், கூட்டமும் வடிந்திருக்கும். செப்டம்பர் நடுவிலிருந்து குடில்கள் ஒவ்வொன்றாக மூடத் தொடங்கும், அதற்குள் முடித்துவிட வேண்டும்.

எலிசபெத்தாவும் பொனாட்டியும் கிடைக்கவே இல்லையா? கூர்மாயூரில் மூன்று இரவு போடுங்கள். மோத்தேயிலிருந்து சேன் கணவாய் ஏறி இறங்கி, வேனி பள்ளத்தாக்கில் லா விசாய் வரை நடந்தால் கோடைக்கால பஸ் ஊருக்குக் கொண்டுவந்து விடும். மறுநாள் விட்ட பகுதியை நடக்கலாம் அல்லது ஓய்வெடுக்கலாம். அதற்கடுத்த நாள் பெர்த்தோனே குடில் வழியாகப் பொனாட்டியைக் கடந்து பள்ளத்தாக்கில் இறங்கினால் அங்கிருந்தும் பஸ் உண்டு. அதன் மறுநாள் காலை அதே பஸ்ஸில் பள்ளத்தாக்கின் மேல்கோடியில் உள்ள ஆர்னூவா போய், கணவாய் ஏறி சுவிட்சர்லாந்துக்குள் போய்விடலாம். அழகில் கொஞ்சம் இழப்புதான், சுற்று அறுபடாது.

கூடாரம் மாற்று வழியாகாது. இத்தாலியின் ஆவோஸ்தா பள்ளத்தாக்குப் பகுதியில் 2500 மீட்டருக்கு மேல் மட்டுமே, அதுவும் இரவில் மட்டுமே கூடாரம் அடிக்கலாம். சுவிஸ் பகுதியில் கண்ட இடத்தில் அடிக்க அனுமதி இல்லை. பிரான்சின் காப்புப் பகுதிகளில் நேரக்கட்டுப்பாடு உண்டு.

கட்டணம் பெரும்பாலும் இரவுணவு, படுக்கை, காலையுணவு மூன்றும் சேர்ந்தது. டார்மிட்டரிப் படுக்கைக்கு ஏறக்குறைய 60 முதல் 90 யூரோ. தனியறை கூடுதல், சுவிட்சர்லாந்தில் எல்லாமே கூடுதல். முன்பணம் கேட்பார்கள். ரத்து விதிகள் குடிலுக்குக் குடில் மாறும் என்பதால் ஒரே தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வராமல் போகப்போகிறீர்கள் என்றால் கட்டாயம் தொலைபேசியில் சொல்லுங்கள். பணத்துக்காக மட்டும் அல்ல: இரவாகியும் நீங்கள் வராவிட்டால் மலையில் மாட்டிக்கொண்டீர்களோ என்று தேடத் தொடங்கிவிட வாய்ப்புண்டு.

பத்து நாளின் வடிவம்

கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில், லே ஊஷிலிருந்து. நாள் கணக்கில் ஒன்றைக் குறைக்க வேண்டும் என்றால் குறைக்க வேண்டிய இடம் லா ஃபூலி–ஷாம்பே பகுதி. 15 கி.மீ., பள்ளத்தாக்கின் அடியில், மரவீடுகள் நிறைந்த ஊர்கள் வழியே போகும் இனிமையான நடைதான். ஆனால் கணவாய் இல்லை, பஸ் இருக்கிறது. வேறெந்த நாளை வெட்டினாலும் இதைவிட அதிகம் இழப்பீர்கள்.

முதல் நாள் லே ஊஷ் (1007 மீட்டர்) முதல் லே கோன்தமீன் (1167). வோசா கணவாய் வழி எளிது. வானம் தெளிவாக இருந்தால் பெல்வூ கேபிள் காரில் 1800 மீட்டருக்கு ஏறி, பியோனாசே பனியாற்றின் ஓடைமேல் தொங்கும் பாலத்தைக் கடந்து, திரிக்கோ கணவாய் (2120) வழியாக மியாஜ் பக்கம் இறங்குங்கள். கேபிள் கார் இல்லாமல் இதே வழியை முதல் நாளே எடுத்தால் ஏற்றம் 1500 மீட்டரை நெருங்கும். இரண்டாம் நாளைக்குத் தேவையான கால் அங்கேயே செலவாகிவிடும்.

இரண்டாம் நாள்தான் உண்மையான தொடக்கம். லே கோன்தமீனிலிருந்து குருவா டு போனோம் குடில் (2443) வரை 1300 மீட்டர் ஏற்றம். வெட்டு வழி: காலையில் நோத்ர்-தாம் டெ லா கோர்ஜ் தேவாலயம் வரை பஸ்ஸில் போனால் சமதள நடை கொஞ்சம் மிச்சமாகும். மூடுபனி நாளில் தவறு நடக்கும் இடம் இந்தப் பகுதியில்தான். முதலில் வருவது போனோம் கணவாய், 2329 மீட்டர். "கணவாய் வந்துவிட்டது, இனி இறக்கம்" என்று மறுபக்கச் சரிவில் இறங்கிவிடக் கூடாது. அங்கிருந்து இன்னும் முக்கால் மணி நேரம் பாறைகளுக்கு நடுவே குறுக்காக ஏறினால்தான் 2479 மீட்டரில் குருவா டு போனோம் கணவாய் வரும். குடில் அதற்குச் சற்றுக் கீழே. ஜூலை தொடக்கத்தில் இந்தக் குறுக்குப் பாதையில் பழைய பனித்திட்டுகள் கிடக்கும்.

மூன்றாம் நாள் காலையில் குடில் பொறுப்பாளரிடம் கேட்க வேண்டிய ஒரே கேள்வி: "இன்று ஃபூர் கணவாய் எப்படி இருக்கிறது?" அது 2665 மீட்டர், குடிலிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் ஏறிவிடலாம். கிழக்குப் பக்க இறக்கம் கருநிறப் பலகைக்கல் பொடி, ஈரமானால் வழுக்கும் சேறு. பனியோ மூடுபனியோ இருந்தால் யோசிக்காமல் லே ஷாப்பியு (1554) வழியே இறங்கி, அங்கிருந்து சாலையில் வீல் டெ கிளாசியே போகும் சிறு பஸ்ஸைப் பிடியுங்கள். இரண்டு பாதையும் மோத்தே அருகே சேரும். பிறகு சேன் கணவாய் (2516), எல்லைக்கல், மறுபக்கம் இத்தாலி. எலிசபெத்தா 2195 மீட்டரில். 

நான்காம் நாளைப் பற்றி எச்சரிக்கை. எண்ணைப் பார்த்தால் எளிதாகத் தெரியும்: ஏற்றம் 460 மீட்டர்தான். இறக்கம் 1500க்கு மேல். அதிலும் கடைசி 700 மீட்டர், செக்ரூயி கணவாயிலிருந்து (1956) கூர்மாயூர் வரை, தூசி பறக்கும் செங்குத்துச் சரிவு. பாதியில் விலகிப்போகும் ஆட்கள் பலர் இந்த இறக்கத்தில்தான் விலகுகிறார்கள். கணவாய்க்குக் கீழே பிளான் செக்ரூயியிலிருந்து டோலோனுக்குக் கேபிள் கார் கோடையில் இயங்குகிறது. தேதியையும் கடைசி வண்டி நேரத்தையும் முன்பே பார்த்து வையுங்கள். பெருமைக்காக நடந்து இறங்கும் இடமல்ல இது. அன்று பார்க்க வேண்டியதெல்லாம் கொம்பால் ஏரிக்கு மேலே ஆர்ப் வியேய் மேட்டில் முடிந்துவிடும்.

ஐந்தாம் நாள் பெர்த்தோனே வழி பொனாட்டி (2025). 12 கி.மீ.தான். பெர்த்தோனேயிலிருந்து இரண்டு வழி: மலைத்தோளை ஒட்டிய சம பாதை ஒன்று, சாக்ஸ் முகட்டின் மேல் 2584 மீட்டர் வரை ஏறும் பாதை இன்னொன்று. தெளிந்த நாளில் முகடு, கிராண்ட் ஜோராஸ் மலையின் பாறைச்சுவர் எதிரே முழுசாக நிற்கும். மேகம் திரள்கிறது என்றால் கீழ்ப்பாதை. முகட்டில் ஒதுங்க இடமில்லை, தண்ணீரும் இல்லை.

ஆறாம் நாள் பொனாட்டியிலிருந்து ஆர்னூவா இறங்கி, எலெனா குடில் (2062) தாண்டி, கிராண்ட் கோல் ஃபெரே (2537) ஏறி, லா ஃபூலி (1600 மீட்டர் அளவில்). 20 கி.மீ., நீளமான நாள். கணவாயில் காற்று பலமாக வீசும். ஏறி வியர்த்த உடம்போடு அங்கே உட்கார்ந்து சாப்பிடாமல், சுவிஸ் பக்கம் லா பேல் மேய்ச்சல் வீடு வரை இறங்கிச் சாப்பிடுங்கள்.

ஏழாம் நாள் காலை பஸ்: லா ஃபூலியிலிருந்து ஓர்சியேர், அங்கே மாறி ஷாம்பே (1466). பிறகு நடை. போவின் மேய்ச்சல்வெளி (1987) வழியே ஃபோர்க்ளா கணவாய் (1526), த்ரியான் (1300). இதற்கு மாற்றாக ஃபெனேத்ர் தார்ப்பேத் என்ற 2665 மீட்டர் இடுக்கு வழி பேசப்படும். பாறைக் குவியல் மேல் கைவைத்து ஏறி, மறுபக்கம் 1300 மீட்டருக்கு மேல் இறங்கும் வழி அது. அனுபவம் இல்லாத நால்வர், பஸ்ஸில் வந்து தாமதமாகத் தொடங்கும் நாளில் அதை எடுக்க வேண்டாம். மிகவும் ஆசை என்றால் ஆறாம் நாள் மாலையே பஸ்ஸில் ஷாம்பே வந்து தங்குங்கள். காய்ந்த வானம், பனியில்லாத சரிவு இரண்டும் உறுதியாக இருக்க வேண்டும்.

எட்டாம் நாள் பால்ம் கணவாய் (2191) ஏறினால் மீண்டும் பிரான்ஸ், மோன் பிளாங் நேர் எதிரே. போசேத் முகட்டின் வழியே ட்ரே-லெ-ஷாம் (1417) இறங்கலாம். முழங்கால் மறுத்தால் பால்மிலிருந்து லெ தூர் இறங்கும் லிஃப்ட் இருக்கிறது.

ஒன்பதாம் நாள் ஏணிகள். ட்ரே-லெ-ஷாமுக்கு மேலே பாறைச் சுவரில் இரும்பு ஏணிகளும் கைப்பிடிக் கம்பிகளும் தொடர்ச்சியாக வரும். எதிர்த்திசையில் சுற்றுவதால் அவற்றில் ஏறத்தான் போகிறீர்கள், இறங்குவதைவிட அது எளிது. நடைகோல்களை மடித்துப் பைக்குள் வையுங்கள், வெளியே கட்டினால் ஏணியில் சிக்கும். ஓர் ஏணியில் ஒரு நேரத்தில் ஒருவர். நான்கு பேரில் ஒருவருக்கு ஆழம் பார்த்துத் தலைசுற்றும் என்றாலோ, பாறை நனைந்திருந்தாலோ, மோந்தே கணவாய் (1461) வரை போய் அங்கிருந்து வளைவு வளைவாக ஏறும் பாதையை எடுங்கள். தேத் ஓ வான் என்ற இடத்தில் இரண்டும் சேர்கின்றன, நேரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. அந்த இரவு லாக் பிளான் குடிலா (2352), ஃப்ளேஜேர் குடிலா (1877)? கடைசி நாளை முழுக்க நடந்து முடிக்க வேண்டுமென்றால் ஃப்ளேஜேர். அந்தியில் ஏரியைப் பார்க்க வேண்டும், கடைசி நாள் கேபிள் காரில் இறங்கச் சம்மதம் என்றால் லாக் பிளான். ஏனென்றால் பத்தாம் நாள் பிரேவான் உச்சி (2525) ஏறி லே ஊஷ் வரை இறங்குவது ஒரே மூச்சில் 1500 மீட்டர். லாக் பிளானிலிருந்து தொடங்கினால் அது 2000ஐத் தாண்டும். பிரேவான் கணவாய்க்கும் உச்சிக்கும் நடுவே இன்னொரு சிறு ஏணிப் பகுதியும் உண்டு.

நேரக் கணக்கு

கி.மீ. வைத்துக் கணக்குப் போடாதீர்கள். ஆல்ப்ஸில் கைகொடுக்கும் கணக்கு இது: மணிக்கு 4 கி.மீ. என்று கிடைமட்டத் தூரத்துக்கு ஒரு நேரம் எடுங்கள். ஏற்றம் மணிக்கு 300 மீட்டர், இறக்கம் மணிக்கு 500 மீட்டர் என்று இன்னொரு நேரம் எடுங்கள். இரண்டில் பெரியதோடு சிறியதில் பாதியைக் கூட்டுங்கள். நான்காம் நாளுக்குப் போட்டுப் பார்த்தால்: 18 கி.மீ.க்கு 4.5 மணி. 460 மீட்டர் ஏற்றத்துக்கு 1.5, 1560 மீட்டர் இறக்கத்துக்கு 3.1, சேர்ந்து 4.6. ஆக 4.6 + 2.25, ஏறக்குறைய 7 மணி. இதில் ஓய்வு, சாப்பாடு, புகைப்படம் எதுவும் சேரவில்லை. வழியில் நிற்கும் பலகைகளில் உள்ள நேரமும் நிற்காமல் நடப்பதற்கான நேரமே. நால்வர் குழு அதற்கு மேல் கால் பங்கு சேர்த்துக்கொள்வது நல்லது.

கோடை மதியத்தில் இடிமழை திரளும். உயரமான இடத்தைப் பகல் 1 மணிக்குள் கடந்துவிட வேண்டும் என்று வைத்துக்கொண்டு, அதிலிருந்து பின்னோக்கிப் புறப்படும் நேரத்தை எடுங்கள். பெரும்பாலும் காலை 7.30க்குள் வரும். முகட்டிலோ ஏணியிலோ இருக்கும்போது இடிச்சத்தம் கேட்டால் உச்சியை எட்டிப்பார்க்க ஆசைப்படாமல் வந்த வழியே இறங்குங்கள். மாலை 4 மணிக்குள் குடில் சேர்ந்தால் குளியல், துணி துவைத்தல், காயவைத்தல் எல்லாம் நடக்கும். 6.30 அல்லது 7 மணிக்கு ஒரே பந்தியாக இரவுணவு. பிந்தி வந்தால் தனியாக அடுப்பு மூட்ட மாட்டார்கள்.

கால், முழங்கால், பை

இறங்கும்போது தொடைத்தசை நீண்டுகொண்டே சுமையைத் தாங்குகிறது. ஏறும்போது வரும் களைப்பு இரவில் போய்விடும். இறக்கத்தில் வரும் தசைச் சேதம் ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் உச்சத்துக்கு வரும், சரியாக மூன்றாம் நாளில். ஆறுதலான செய்தி, ஒருமுறை அந்தச் சுமைக்குப் பழகிய தசை சில வாரங்களுக்குப் பாதுகாப்போடு இருக்கும். எனவே புறப்படுவதற்கு முந்தைய 8 வாரங்களில் பயிற்சியை ஏற்றத்தைவிட இறக்கத்துக்குக் கொடுங்கள். பையோடு மாடிப்படி இறங்குவது போதும். வாரக் கடைசியில் அடுத்தடுத்த இரண்டு நாள் நீண்ட நடை. வலிக்கும் காலோடு இரண்டாம் நாள் நடக்கப் பழகுவதுதான் அதன் நோக்கம். கடைசி வாரம் ஓய்வு.

நடைகோல் இரண்டும் அவசியம். சமதளத்தில் முழங்கை செங்கோணத்தில் மடியும் உயரம், இறக்கத்தில் 5 முதல் 10 செ.மீ. கூட்டுங்கள். காலணி புதிதாக இருக்கக் கூடாது, காலை அளவைவிட மாலையில் பாதம் வீங்கும் என்பதால் விரல் நுனிக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். இறக்கத்துக்கு முன் கணுக்காலருகே நாடாவை இறுக்கிக் கட்டுங்கள். குதிகால் பின்னால் பூட்டியிருந்தால்தான் விரல் முன்னால் மோதாது, நகம் கறுக்காது. பாதத்தில் ஓரிடம் சூடாக உறுத்தத் தொடங்கினால் அந்த நிமிடமே நின்று டேப் ஒட்டுங்கள். அடுத்த குடிலில் பார்த்துக்கொள்ளலாம் என்றால் அது கொப்புளமாகி இருக்கும்.

பை தண்ணீரோடு 8 கிலோவைத் தாண்டக் கூடாது, 35 முதல் 40 லிட்டர் கொள்ளளவு போதும். தூக்கப்பை வேண்டாம், குடிலில் கம்பளியோ மெத்தைப் போர்வையோ தருவார்கள். ஆனால் உள்ளே போட்டுக்கொள்ளும் மெல்லிய துணி உறை கட்டாயம். பட்டுத்துணி என்றால் 150 கிராம்தான். மழைச்சட்டை, மழைக்கால்சட்டை, ஒரு கதகதப்பான மேலுடை, மெல்லிய கையுறை, தொப்பி. ஜூலையிலும் கணவாய்களில் ஆலங்கட்டியும் பனியும் விழும் நாள் உண்டு. நடக்கும் உடை இரண்டு ஜோடி, மாலைக்கு ஒன்று, காலுறை மூன்று ஜோடி. தலைவிளக்கு, 10,000 எம்ஏஎச் பவர் பேங்க் (முப்பது பேர் அறையில் இரண்டே பிளக் இருக்கும்), காதடைப்பான். ஜூலை முதல் பாதி என்றால் காலணியில் மாட்டும் சிறு பனிமுள் ஒரு ஜோடி, ஏறக்குறைய 400 கிராம். முதலுதவிப் பெட்டியும் வரைபடமும் ஆளுக்கொன்று தேவையில்லை, குழுவுக்கு ஒன்று. பையை வாகனத்தில் அடுத்த தங்குமிடத்துக்கு அனுப்பும் சேவை உண்டு. சாலை வராத குடில்களுக்கு அது வராது. குருவா டு போனோம், பொனாட்டி, லாக் பிளான் என்று திட்டம் போட்டவர்கள் அதை நம்பிப் பெரிய பெட்டி கட்டக் கூடாது.

குடிலுக்குள்

காலணியும் நடைகோலும் வாசல் அறையிலேயே நிற்கும். பல குடில்களில் பையையும் படுக்கையறைக்குள் விடுவதில்லை. காரணம் மூட்டைப்பூச்சி: பையில் தொற்றிக் குடில் குடிலாகப் பயணம் செய்கிறது. இரவுக்குத் தேவையானதை ஒரு சிறு துணிப்பையில் பிரித்து வைத்திருந்தால் வாசலில் நின்று பையைக் கவிழ்க்க வேண்டியிருக்காது. வெந்நீர் சில இடங்களில் டோக்கன் கணக்கு, சில நிமிடங்களில் நின்றுவிடும். சோப்புப் போட்டபின் டோக்கனைப் போடுவது உத்தமம். இரவு 10 மணிக்கு விளக்கு அணையும்.

சைவம், ஒவ்வாமை எதுவாக இருந்தாலும் பதிவின்போதே எழுதி, வந்து சேர்ந்ததும் மீண்டும் சொல்லுங்கள். அன்றைய சமையல் ஒரே பானை என்பதால் 6 மணிக்குச் சொன்னால் பயனில்லை. காலையுணவு ரொட்டி, ஜாம், காபி அளவுக்கே இருக்கும். பாதாம், கடலை, சீஸ் போன்றதைக் கையில் வைத்திருங்கள். மதியப் பொட்டலம் வேண்டுமானால் முந்தின இரவே சொல்ல வேண்டும். தண்ணீர் 1.5 முதல் 2 லிட்டர். ஊர்க் குழாய்த் தொட்டிகளில் குடிநீர் அல்ல என்ற பலகை இல்லாவிட்டால் நிரப்பலாம், மேலே மாடு மேயும் சரிவின் ஓடைநீரை வடிகட்டாமல் குடிக்காதீர்கள்.

பணம்: பிரான்சிலும் இத்தாலியிலும் யூரோ, சுவிட்சர்லாந்தில் ஃபிராங்க். அங்கே யூரோவையும் பெரும்பாலும் வாங்குவார்கள், மீதியை ஃபிராங்கில் தருவார்கள். கார்டு இயந்திரம் இருக்கும் குடிலிலும் நெட்வொர்க் இல்லாத நாள் வரும். ஆளுக்கு 200 யூரோ ரொக்கம் எப்போதும் இருக்கட்டும், கூர்மாயூரில் மீண்டும் எடுத்துக்கொள்ளலாம். செல்போன் விஷயத்தில் ஒரு பொறி: ஐரோப்பிய ஒன்றியத்துக்கான சிம் திட்டம் பலவற்றில் சுவிட்சர்லாந்து சேராது. கணவாய் தாண்டியதும் போன் தானாக சுவிஸ் கோபுரத்தைப் பிடித்து ரோமிங் கட்டணம் ஏறும். கிராண்ட் கோல் ஃபெரேக்கு முன்பே டேட்டாவை அணைத்துவிடுங்கள். வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்து, 1:50,000 தாள் வரைபடம் ஒன்றும் வைத்திருங்கள்.

மேய்ச்சல் நிலத்தில் மின்வேலியைத் திறந்தால் கொக்கியை மாட்டிவிட்டே நகர வேண்டும். ஆட்டு மந்தையோடு பாத்தூ எனப்படும் பெரிய வெள்ளைக் காவல் நாய்கள் இருக்கலாம். மந்தையைச் சுற்றி அகலமாக விலகிப் போங்கள். நாய் குரைத்து ஓடி வந்தால் நில்லுங்கள், கோலை ஓங்காதீர்கள், ஓடாதீர்கள், கண்ணை உறுத்துப் பார்க்காதீர்கள். அது உங்களை முகர்ந்து பார்த்து முடிவு செய்யும் வரை காத்திருந்து மெதுவாக விலகுங்கள்.

நடக்க முடியாமல் போனால்

விலகும் வாசல்கள்: லே கோன்தமீனிலிருந்து பஸ், கூர்மாயூரிலிருந்து மோன் பிளாங் சுரங்கம் வழியே ஷமோனிக்கு பஸ், லா ஃபூலியிலிருந்தும் ஷாம்பேயிலிருந்தும் ஓர்சியேருக்கு பஸ், அங்கிருந்து மார்ட்டினிக்கு ரயில். த்ரியானிலிருந்து மார்ட்டினிக்கு பஸ். கடைசி மூன்று நாள் முழுக்க ஷமோனி பள்ளத்தாக்கின் ரயிலும் பஸ்ஸும் கைக்கெட்டும் தூரத்தில். வாசல் இல்லாத நீளம் லே கோன்தமீனுக்கும் வேனி பள்ளத்தாக்குக்கும் நடுவே உள்ளதுதான். ஷாப்பியு பக்கம் ஒரு சாலை உண்டு, போக்குவரத்து குறைவு, அங்கே போன் சிக்னலையும் நம்ப முடியாது. எனவே இரண்டாம் நாள் காலை ஒருவருக்குக் கால் சரியில்லை என்றால் அவரை மேலே இழுத்துக்கொண்டு போக வேண்டாம். இன்னொருவர் துணையோடு ஷமோனி போய், சுரங்க பஸ்ஸில் கூர்மாயூர் வந்து நான்காம் நாள் மாலை சேர்ந்துகொள்ளட்டும். அந்த இருவரின் குடில் படுக்கைகளை அன்றே போனில் விட்டுக்கொடுத்துவிட வேண்டும்.

விபத்து என்றால் மூன்று நாட்டிலும் 112. போன் இல்லாவிட்டால் விசிலோ விளக்கோ நிமிடத்துக்கு ஆறு முறை, ஒரு நிமிடம் இடைவெளி, மீண்டும் ஆறு. நிமிடத்துக்கு மூன்று முறை பதில் வந்தால் கேட்டுவிட்டார்கள் என்று பொருள். ஹெலிகாப்டருக்கு இரண்டு கையையும் உயர்த்தினால் உதவி வேண்டும், ஒன்று மேலே ஒன்று கீழே என்றால் வேண்டாம். மேலே பறப்பதைப் பார்த்து உற்சாகமாக இரு கையையும் ஆட்டிவிடாதீர்கள். சுவிட்சர்லாந்தில் மீட்புச் செலவு மீட்கப்பட்டவர் பெயரில் பில்லாக வரும். மலை மீட்பும் ஹெலிகாப்டரும் அடங்கிய காப்பீடு எடுத்து, அதன் எண்ணை நால்வர் போனிலும், தாளில் எழுதிப் பையின் ஒரே இடத்திலும் வையுங்கள்.